குளிர் இணைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள், ஒரு சந்தேகவாதியின் பதில்கள்

"ஒரு குடுவைத் தண்ணீரில் சூரியனையே அடைத்துவிட்டார்கள், எண்ணெய் கம்பெனிகள் அதை அமுக்கிவிட்டன" என்ற ரீதியில் ஒரு செய்தி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றி வரும். அது சொல்வது குளிர் இணைவைப் பற்றி: சூரியனுக்குள் கடும் வெப்பத்தில் நடப்பதுபோல அணுக்கருக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஆற்றல் தருவது, ஆனால் சாதாரண அறை வெப்பநிலையிலேயே. அது வரும்போதெல்லாம் அதே கேள்விகளும் வரும். ஒவ்வொரு முறையும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதால் எல்லாவற்றுக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பது தலைப்பிலேயே இருக்கிறது, ஆனால் எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயம் இருக்கும் இடங்களையும் மறைக்கவில்லை.

1989-ல் உண்மையில் என்னதான் அறிவித்தார்கள்?

1989 மார்ச் 23, அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி. யூட்டா பல்கலைக்கழகம் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, மார்ட்டின் ஃப்ளைஷ்மன், ஸ்டான்லி பான்ஸ் என்ற இரண்டு மின்வேதியியலாளர்களை மேடையில் உட்கார வைத்தது. அவர்கள் சொன்னது இதுதான்: கண்ணாடிக் குடுவையில் லித்தியம் கலந்த கனநீர். நடுவில் ஒரு பல்லேடியம் தண்டு, அதைச் சுற்றிப் பிளாட்டினம் கம்பிச் சுருள். மின்சாரம் பாய்ச்சினால் கனநீர் பிரிந்து, அதிலுள்ள டியூட்டீரியம் (ஹைட்ரஜனின் கனமான வடிவம்) பல்லேடியத்துக்குள் போய் நிரம்புகிறது. நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஓடவிட்டால் கொடுத்த மின்சாரத்தைவிட அதிக வெப்பம் வெளியே வருகிறது. எந்த வேதிவினையாலும் இவ்வளவு வெப்பம் வர வழியில்லை. ஆகவே உள்ளே அணுக்கரு இணைவு நடக்கிறது.

இத்தனை வருடச் சண்டையும் அந்த "ஆகவே" பற்றியதுதான்.

அவர்கள் இரண்டு பேரும் போலி ஆசாமிகளா?

இல்லவே இல்லை. ஃப்ளைஷ்மன் அந்தக் காலத்தில் உலகின் முன்னணி மின்வேதியியலாளர்களில் ஒருவர், லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர், இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் பேராசிரியராக இருந்தவர். பான்ஸ் யூட்டாவில் வேதியியல் துறைத் தலைவர். அதனால்தான் உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. முகம் தெரியாத இரண்டு பேர் சொல்லியிருந்தால் மறுநாளே மறந்திருப்பார்கள்.

அப்படியானால் இயற்பியலாளர்கள் ஏன் உடனே சந்தேகப்பட்டார்கள்? பொறாமையா?

பொறாமை கொஞ்சம் இருந்திருக்கலாம், மனிதர்கள்தானே. பெரிய காந்தம், பெரிய லேசர் என்று பல வருடமாக இணைவுக்காக உழைத்தவர்களுக்கு, வேதியியல் துறையிலிருந்து ஒருவர் கண்ணாடிக் குடுவையோடு வந்து "முடிந்தது" என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் சந்தேகத்துக்குக் காரணம் அது அல்ல, கணக்கு.

இரண்டு டியூட்டீரியம் கருக்கள் இணைந்தால் என்ன வெளிவரும் என்பது பல பத்தாண்டுகளாக அளந்து வைக்கப்பட்ட விஷயம். ஏறக்குறைய பாதி முறை ஹீலியம்-3 கருவும் ஒரு நியூட்ரானும் வரும். மீதிப் பாதியில் ட்ரிட்டியமும் (ஹைட்ரஜனின் இன்னும் கனமான, கதிரியக்க வடிவம்) ஒரு புரோட்டானும் வரும். மிக மிக அபூர்வமாக, கோடியில் ஒரு முறை என்ற அளவில், ஹீலியம்-4 கருவும் பலமான ஒரு காமா கதிரும் வரும். இப்போது ஒரே ஒரு வாட் வெப்பம் இந்த வழியில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நியூட்ரான்கள் வெளியே பாய வேண்டும். யூட்டாவில் சொன்னது பல வாட். அந்தக் குடுவை பக்கத்தில் மனிதர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "செத்துப்போன ஆராய்ச்சி மாணவர் எங்கே?" என்று இயற்பியலாளர்கள் கேட்டது குரூரமான நகைச்சுவைதான், ஆனால் கேள்வி சரியான கேள்வி. ஃப்ளைஷ்மனும் பான்ஸும் தங்கள் கட்டுரையிலேயே சொன்ன நியூட்ரான் எண்ணிக்கை, வெப்பக் கணக்குக்குத் தேவையானதைவிடக் கோடி மடங்குக்கும் மேல் குறைவு.

பல்லேடியம் ஹைட்ரஜனை உறிஞ்சுவது உண்மைதானே? அவ்வளவு நெருக்கி அடைத்தால் இணையாதா?

உறிஞ்சுவது உண்மை, 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரியும். ஒரு பல்லேடியம் அணுவுக்குக் கிட்டத்தட்ட ஒரு டியூட்டீரியம் அணு என்ற அளவுவரை ஏற்றலாம். கேட்பதற்குப் பயங்கரமாக நெருக்கியடிப்பது போல இருக்கும். ஆனால் உலோகத்துக்குள் அந்த அணுக்கள் எங்கே உட்காருகின்றன என்று பார்த்தால் கதை தலைகீழ். பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 2.8 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு). சாதாரண டியூட்டீரிய வாயு மூலக்கூறில் இரண்டு கருக்களுக்கும் நடுவே இருப்பது 0.74 ஆங்ஸ்ட்ராம்தான். அதாவது பல்லேடியத்துக்குள் போனதும் அவை நெருங்கவில்லை, விலகித்தான் போகின்றன!

சரி, வாயு மூலக்கூறில் இருக்கும்போதாவது தானாக இணையுமா? இயற்பியலாளர்கள் ஸ்டீவன் கூனினும் மைக்கேல் நௌவன்பர்க்கும் 1989-லேயே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு மூலக்கூறுக்கு நொடிக்கு இணைவு நடக்கும் வாய்ப்பு, புள்ளிக்குப் பிறகு 63 பூஜ்ஜியம் போட்டு ஒரு 3. கருக்கள் இரண்டும் நேர்மின் சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். உலோகத்திலுள்ள எலெக்ட்ரான்கள் அந்தத் தள்ளலைக் கொஞ்சம் மறைக்கும், அது உண்மை. அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பது இன்றும் சுவாரசியமான ஆராய்ச்சி. ஆனால் 63 பூஜ்ஜியத்தில் சிலவற்றை அழிப்பது வேறு, வாட் கணக்கில் வெப்பம் எடுப்பது வேறு.

"நியூட்ரான் வராது, ஹீலியம் மட்டும்தான் வரும், இது புது வகை வினை" என்கிறார்களே?

இன்றைக்கு ஆதரவாளர்களில் பெரும்பாலோர் பிடித்துக்கொண்டிருக்கும் வாதம் இது. கோடியில் ஒரு முறை நடக்கும் அந்த மூன்றாவது வழி மட்டும்தான் உலோகத்துக்குள் நடக்கிறது, காமா கதிராக வெளியேற வேண்டிய 23.8 மெகா எலெக்ட்ரான் வோல்ட் (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் எப்படியோ உலோகம் முழுக்கப் பரவி வெறும் சூடாக மாறிவிடுகிறது என்பார்கள். ஆக ஒரு அதிசயம் போதாது, மூன்று வேண்டும்: தள்ளல் விசையைத் தாண்ட வேண்டும், வழி மாற வேண்டும், காமா காணாமல் போக வேண்டும். 1989-ல் அமெரிக்க எரிசக்தித் துறைக் குழுவுக்குத் தலைமை வகித்த இருவரில் ஒருவரான ஜான் ஹைசெங்கா இதைத்தான் மூன்று அற்புதங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கோட்பாடு இல்லையென்றாலும் பரவாயில்லை, ஹீலியத்தை அளந்து காட்டினால் போதுமே என்று நினைக்கலாம். நானும் அதற்குத் தயார். சிக்கல் அளவில் இருக்கிறது. ஒரு வாட் வீதம் ஒரு மணி நேரம் முழுக்க இந்த வழியில் ஓடினால் உண்டாகும் ஹீலியம் எவ்வளவு தெரியுமா? நாம் மூச்சுவிடும் காற்றில் வெறும் 7 மில்லி லிட்டரில் இயல்பாகவே இருக்கும் அளவு. காற்றில் ஹீலியம் பத்து லட்சத்தில் 5 பங்குதான், அப்படியும்கூட. ஹீலியம் கண்ணாடியையே ஊடுருவும். ஒரு வால்வு லேசாகக் கசிந்தால் உங்கள் கண்டுபிடிப்பு ரெடி.

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. 1926-ல் பெர்லினில் பானெத், பீட்டர்ஸ் என்ற இருவர் பல்லேடியத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறியது என்று அறிவித்தார்கள். அடுத்த வருடமே, அது கண்ணாடியிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்த ஹீலியம் என்று தாங்களே கண்டுபிடித்துத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அறிவியல் நேர்மைக்கு எனக்குத் தெரிந்த அழகான உதாரணங்களில் அது ஒன்று.

வெப்பத்தை அளப்பதில் அப்படி என்ன கஷ்டம்? ஒரு தெர்மாமீட்டர் போதாதா?

தெர்மாமீட்டர் வெப்பநிலையைச் சொல்லும், எவ்வளவு வெப்பம் வெளியேறியது என்று சொல்லாது. அதைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், ஏனென்றால் முழு விவகாரமும் இங்கேதான் சிக்கியிருக்கிறது.

ஒரு குடுவைக்கு 5 வோல்ட்டில் 0.8 ஆம்பியர் கொடுக்கிறீர்கள் என்று வைப்போம். உள்ளே போவது 4 வாட். இதில் ஒரு பங்கு கனநீரைப் பிரிக்கச் செலவாகிறது. பிரிந்த டியூட்டீரியமும் ஆக்சிஜனும் மேலே குமிழியிட்டு வெளியே போய்விடும், அந்த ஆற்றலையும் எடுத்துக்கொண்டு போய்விடும். அதற்கான கணக்கு 1.54 வோல்ட்டை மின்னோட்டத்தால் பெருக்குவது, அதாவது சுமார் 1.23 வாட். ஆக உள்ளே சூடாக வேண்டியது 2.77 வாட் மட்டும்தான் என்று எழுதி வைத்துக்கொள்வீர்கள். இப்போது வெளியேறும் வாயுக்களில் ஒரு பகுதி குடுவைக்குள்ளேயே திரும்பச் சேர்ந்து நீராகிவிட்டால்? அந்த ஆற்றல் வெப்பமாக உள்ளேயே கொட்டும். மொத்தமும் சேர்ந்துவிட்டால் 44 சதவீதம் "அதிக வெப்பம்" வந்ததாகத் தெரியும். ஒரு கருவும் இணைந்திருக்காது.

இதற்கு எதிர்த்தரப்பு பதில் உண்டு, அது நியாயமான பதிலும்கூட: எவ்வளவு கனநீர் குறைந்தது, எவ்வளவு ஊற்றினோம் என்று கணக்கு வைத்திருக்கிறோம், மீள்சேர்க்கை பெரிதாக நடக்கவில்லை என்பார்கள். மூடிய குடுவையில் வினையூக்கி வைத்து எல்லா வாயுவையும் உள்ளேயே சேர்த்துவிட்டு அளந்தவர்களும் இருக்கிறார்கள், கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் மைக்கேல் மெக்குப்ரே செய்தது அந்த மாதிரி வேலைதான். அவற்றிலும் சில சமயம் அதிக வெப்பம் தெரிந்ததாகச் சொன்னார்கள், ஆனால் அப்போது தெரிந்தது பெரும்பாலும் சில சதவீதம். சில சதவீதம் என்று வந்துவிட்டால் கருவியின் அளவுத்திருத்தம் நகர்ந்ததா, குடுவை நீரைக் கலக்கியது சரியில்லாமல் ஒரு பக்கம் சூடும் ஒரு பக்கம் குளிருமாக இருந்ததா என்ற கேள்விகளெல்லாம் உயிர் பெற்றுவிடும். கால்டெக்கின் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) நேதன் லூயிஸ் 1989-லேயே இந்தக் கலக்கும் பிரச்சினையைத்தான் பிடித்தார்.

அப்புறம் இன்னொன்று. 1989 கட்டுரையின் அட்டவணையில் கண்ணைப் பறிக்கும் பெரிய சதவீதங்கள் இருக்கும். அவற்றில் ஒரு பத்தி நேரடியாக அளந்தது அல்ல, குடுவை 0.5 வோல்ட்டில் ஓடினால் என்று அனுமானித்துப் போட்ட கணக்கு. அப்படி ஒரு குடுவை ஓடவில்லை.

காமா கதிர் வரைபடத்தில் என்ன தப்பு என்கிறார்கள்?

எனக்கு இந்த விவகாரத்திலேயே பிடித்த அத்தியாயம் இது. நியூட்ரான்கள் உண்டாகியிருந்தால், சுற்றியுள்ள தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் அவற்றைப் பிடித்து 2.22 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒரு காமா கதிரை வெளியிடும். எந்த ஆற்றலில் எத்தனை கதிர்கள் வந்தன என்று காட்டும் வரைபடத்தில் (நிறமாலை) யூட்டா குழு அப்படி ஒரு சிகரத்தைக் காட்டியது. எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் பெட்ராசோவும் கூட இருந்தவர்களும் அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார்கள். அந்த வகைக் கருவியால் அவ்வளவு ஒல்லியான சிகரத்தைக் காட்டவே முடியாது. சிகரத்துக்கு இடப்பக்கம் கட்டாயம் இருக்க வேண்டிய காம்ப்டன் விளிம்பும் (கதிர்கள் தங்கள் ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் கருவியில் விட்டுச் செல்வதால் வரும் மேடு) இல்லை. போதாக்குறைக்குச் சிகரம் ஒரு சமயம் 2.5 அருகே இருந்தது, ஒரு சமயம் 2.2-ல் இருந்தது.

முழு நிறமாலையையும் பார்க்கலாம் என்றால் யூட்டா கொடுக்கவில்லை. எம்.ஐ.டி. குழுவினர் என்ன செய்தார்கள் தெரியுமா? யூட்டா ஆய்வகத்தில் எடுத்த தொலைக்காட்சிச் செய்திப் படத்தைப் போட்டுப் பார்த்து, பின்னணியில் ஒரு திரையில் தெரிந்த நிறமாலையை அளந்தார்கள்! அதில் சாதாரணமாக எந்தக் கட்டடத்திலும் தெரியும் பொட்டாசியம், தோரியம் தொடர்ச் சிகரங்கள் இருந்தன, 2.22-ல் எதுவும் இல்லை. பின்னர் யூட்டா பல்கலைக்கழகத்திலேயே இயற்பியலாளர் மைக்கேல் சலமான், பான்ஸின் ஆய்வகத்துக்குள் கருவி வைத்து ஐந்து வாரம் பார்த்தார், இணைவின் தடயம் இல்லை. 1990-ல் 'நேச்சர்' இதழில் அது வெளியானது. இன்று ஆதரவாளர்களே அந்தச் சிகரத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டு வருவதில்லை.

கட்டுரை வருவதற்கு முன்பே பத்திரிகையாளர் கூட்டம் ஏன்?

அவசரம். பக்கத்து ஊரான ப்ரோவோவில், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஜோன்ஸ் என்ற இயற்பியலாளர் இதே போன்ற வேலை செய்துகொண்டிருந்தார். அவர் சொன்னது வெப்பம் அல்ல, மிகச் சொற்பமான நியூட்ரான்கள். மார்ச் 24 அன்று இரு தரப்பும் ஒன்றாக 'நேச்சர்' இதழுக்கு அனுப்புவது என்று பேச்சு. யூட்டா ஒரு நாள் முந்திக்கொண்டது. காப்புரிமை பயம், முன்னுரிமை பயம், பல்கலைக்கழகத்தின் பெயர் ஆசை எல்லாம் அதில் கலந்திருந்தன. அவர்களுடைய கட்டுரை வேறொரு இதழில் ஏப்ரல் 10-ல் வந்தபோது ஆராய்ச்சி மாணவர் மார்வின் ஹாக்கின்ஸின் பெயரே விடுபட்டிருந்தது, பிறகு திருத்தத்தில் சேர்த்தார்கள். எவ்வளவு அவசரம் என்பதற்கு அதுவே சாட்சி.

பல ஆய்வகங்கள் உறுதி செய்தனவே?

முதல் சில வாரங்களில் செய்தன. ஜார்ஜியா டெக் நியூட்ரான் கிடைத்தது என்றது, சில நாளிலேயே எங்கள் கருவி சூட்டுக்குத் தப்பாகக் காட்டியது என்று திரும்பப் பெற்றது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் அதிக வெப்பம் என்றது, பிறகு மின் இணைப்புப் பிழை என்று பின்வாங்கியது. இதற்கிடையே பிரிட்டனின் ஹார்வெல் அணு ஆய்வகம், கால்டெக், எம்.ஐ.டி. ஆகியவை தொடர்ந்து முயன்று ஒன்றும் இல்லை என்றன. கிடைத்தவர்கள் உடனே அறிவித்தார்கள், கிடைக்காதவர்கள் சரிபார்த்துவிட்டுத் தாமதமாகப் பேசினார்கள். ஏப்ரலில் உறுதி மழையாகக் கொட்டியதும் மே மாதம் பால்டிமோரில் நடந்த அமெரிக்க இயற்பியல் சங்கக் கூட்டத்தில் எல்லாம் கவிழ்ந்ததும் அதனால்தான். அந்த வருடம் நவம்பரில் எரிசக்தித் துறைக் குழு, தனி நிதித் திட்டம் தேவையில்லை, ஆனால் நல்ல சோதனைகளுக்குச் சிறிய அளவில் உதவலாம் என்று அறிக்கை கொடுத்தது.

"கிடைக்காதவர்கள் சரியாகச் செய்யவில்லை, ஒரு பல்லேடியம் அணுவுக்கு 0.9 டியூட்டீரியம் அணுவுக்கு மேல் ஏற்றினால்தான் வரும்" என்பது ஆதரவாளர்களின் பதில். இதில் உண்மை இல்லாமல் இல்லை, ஆரம்பத்தில் முயன்ற பலர் அவ்வளவு ஏற்றவில்லை. ஆனால் வெற்றி கிடைத்தால் செய்முறை சரி, கிடைக்காவிட்டால் செய்முறை தப்பு என்று விளையாடினால் எந்தச் சோதனையாலும் தோற்கடிக்க முடியாத கொள்கையாகிவிடும்.

இந்தியாவிலும் செய்தார்களாமே?

ஆமாம், பெரிய அளவில். டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக அப்போது பி.கே. ஐயங்கார் இருந்தார், 1974 பொக்ரான் சோதனையில் முக்கியப் பங்கு வகித்தவர். அறிவிப்பு வந்த கையோடு பல குழுக்களை இறக்கினார். ஐயங்காரும் எம். சீனிவாசனும் தொகுத்த அறிக்கை 1989 டிசம்பரில் வந்தது. நியூட்ரானும் ட்ரிட்டியமும் கிடைத்ததாகச் சொன்னது, அதுவும் நியூட்ரானைவிடப் பல லட்சம் மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேலே, ட்ரிட்டியம். பாடப்புத்தகப்படி இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக வர வேண்டும்.

ஆதரவாளர்கள் இதைப் புது இயற்பியல் என்று படித்தார்கள். நான் படிப்பது வேறு மாதிரி. அணு உலைகள் ஓடும் வளாகத்தில், கனநீர் புழங்கும் இடத்தில், ட்ரிட்டியம் எங்கிருந்தும் வரலாம். மின்னாற்பகுப்பே கனநீரில் ஏற்கெனவே உள்ள ட்ரிட்டியத்தைச் செறிவாக்கும். இதற்கெல்லாம் விடை சொல்லும்படி வருடக்கணக்கில் தொடர்ந்து செய்து காட்டியிருக்க வேண்டும். 90-களில் அங்கே வேலை நின்றுபோனது. இந்தத் துறையின் சர்வதேச மாநாடு 2011 பிப்ரவரியில் சென்னையில் நடந்தது, 'கரண்ட் சயின்ஸ்' இதழ் 2015-ல் ஒரு சிறப்புப் பகுதியே வெளியிட்டது. ஆக, நம் ஊரில் இதை யாரும் வாய் திறக்க விடவில்லை என்று சொல்ல முடியாது.

எண்ணெய் கம்பெனிகள் அமுக்கிவிட்டன என்பது?

பணம் போன பாதையைப் பாருங்கள். யூட்டா மாநிலம் 50 லட்சம் டாலர் கொடுத்து ஒரு தேசியக் குளிர் இணைவு நிறுவனமே தொடங்கியது, 1991-ல் மூடியது. அமெரிக்க மின் நிறுவனங்களின் ஆராய்ச்சி அமைப்பு எஸ்.ஆர்.ஐ.க்குப் பல வருடம் செலவழித்தது. டொயோட்டா குழுமத்தின் பணத்தில் ஃப்ளைஷ்மனும் பான்ஸும் பிரான்சின் தென்கரையில் சொந்த ஆய்வகம் வைத்து வேலை செய்தார்கள், 1998-ல் அதுவும் மூடப்பட்டது. ஜப்பான் அரசு தனித் திட்டம் நடத்தி 1997-ல் முடித்துக்கொண்டது. சொந்தமாக எண்ணெய் வளமே இல்லாத ஜப்பான், எண்ணெய் கம்பெனிக்காக ஏன் இதைப் புதைக்க வேண்டும்? கூகுள் 2015-லிருந்து சுமார் 30 ஆராய்ச்சியாளர்களை வைத்து ஒரு கோடி டாலர் செலவழித்து ரகசியமாகவே தேடியது. 2019-ல் 'நேச்சர்' இதழில் முடிவைச் சொன்னார்கள்: குளிர் இணைவுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் வழியில் நல்ல கருவிகளும் கேள்விகளும் கிடைத்தன. 2023-ல் அமெரிக்க அரசே எட்டுக் குழுக்களுக்கு மொத்தம் ஒரு கோடி டாலர் அறிவித்தது.

யூஜின் மாலவ் கொலையையும் இதில் இழுப்பார்கள். எம்.ஐ.டி.யின் வெப்ப வரைபடம் திருத்தப்பட்டது என்று குற்றம் சாட்டி 1991-ல் அங்கிருந்து வெளியேறி, குளிர் இணைவுக்காகவே எழுதி வந்தவர் அவர். 2004-ல் தன் பெற்றோரின் வீட்டில் கொல்லப்பட்டார். அந்த வீட்டில் வாடகைக்கு இருந்து காலி செய்யவைக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையும் பெற்றார். துயரமான விஷயம், சதி அல்ல.

நோபல் பரிசு பெற்றவரே ஆதரித்தாரே?

ஜூலியன் ஷ்விங்கர். ஆதரித்தார், கோபத்தில் அமெரிக்க இயற்பியல் சங்கத்தை விட்டே விலகினார். பரிசு அவருடைய குவாண்டம் மின்னியக்கவியலுக்கு (ஒளியும் எலெக்ட்ரான்களும் ஒன்றோடொன்று எப்படி வினைபுரிகின்றன என்ற கோட்பாடு) கிடைத்தது. பல்லேடியத்துக்கு அது பொருந்தாது.

இத்தாலியின் இ-கேட் என்ன ஆனது?

இதை 1989 கதையோடு சேர்க்காதீர்கள். யூட்டாவில் நடந்தது, என் பார்வையில், நல்ல விஞ்ஞானிகள் தங்கள் ஆசைக்குள் சிக்கிக்கொண்டது. இது வியாபாரம்.

ஆண்ட்ரியா ரோஸி 2011 ஜனவரியில் இத்தாலியின் போலோன்யாவில் நிக்கலும் ஹைட்ரஜனும் கொண்ட இ-கேட் என்ற ஒரு பெட்டியை, இயற்பியலாளர் செர்ஜியோ ஃபோகார்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்பது ரகசியம். மின்சாரமும் தண்ணீரும் போகும், சூடு வரும். கொதித்து வரும் நீராவி முழுக்க ஆவியா, பாதி தண்ணீரா என்று சரியாக அளக்காமல் எல்லாமே ஆவி என்று கணக்குப் போட்டால் வெளியேறும் ஆற்றல் பல மடங்கு ஊதிவிடும். ஆஸ்திரேலியத் தொழிலதிபர் டிக் ஸ்மித், நிரூபித்தால் பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்றார், ரோஸி வாங்கிக்கொள்ளவில்லை. 2014-ல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் 32 நாள் ஓட்டிய சோதனையில் வெப்பக் கேமராவுக்குக் கொடுத்த எமிசிவிட்டி எண் (ஒரு பரப்பு எவ்வளவு நன்றாக வெப்பத்தைக் கதிர்வீசுகிறது என்ற அளவு) தப்பு என்று பலர் காட்டினார்கள், அதைத் திருத்தினாலே அதிக ஆற்றல் பெரும்பாலும் கரைந்துவிடும். எரிபொருளை வைத்தபோதும் சாம்பலை எடுத்தபோதும் ரோஸியே அங்கே இருந்தார்.

அமெரிக்காவின் இண்டஸ்ட்ரியல் ஹீட் நிறுவனம் அவருக்கு ஒரு கோடியே 15 லட்சம் டாலர் கொடுத்தது. ஃப்ளோரிடாவில் ஒரு வருடம் ஓட்டிக் காட்டிவிட்டேன், மீதி 8.9 கோடி டாலரைக் கொடு என்று ரோஸி 2016-ல் வழக்குப் போட்டார். வெப்பத்தை வாங்கியதாகச் சொல்லப்பட்ட "வாடிக்கையாளர்" நிறுவனத்தை நடத்தியவர் ரோஸியின் வழக்கறிஞர் என்பது அந்த வழக்கில் வெளியே வந்தது. 2017-ல் விசாரணை தொடங்கிய கையோடு சமரசம் செய்துகொண்டு பிரிந்தார்கள், 8.9 கோடி கைமாறவில்லை.

அப்படியானால் குறைந்த வெப்பநிலையில் இணைவே சாத்தியமில்லையா?

சாத்தியம்தான்! மியூயான் என்ற துகள் எலெக்ட்ரானைப் போலவே, ஆனால் சுமார் 207 மடங்கு கனம். அது எலெக்ட்ரானின் இடத்தில் உட்கார்ந்தால் மூலக்கூறு அந்த அளவுக்குச் சுருங்கும், கருக்கள் தாமாகவே இணையும். 1956-ல் பெர்க்லியில் லூயிஸ் ஆல்வரெஸ் குழு இதைக் கண்ணால் பார்த்தது. யாரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் வர வேண்டியவை எல்லாம் வர வேண்டிய அளவில் வந்தன. ஒரே தொல்லை, மியூயான் 2.2 மைக்ரோ நொடிதான் உயிரோடு இருக்கும், அதற்குள் நூற்றைம்பது இணைவுகளைச் செய்து முடித்தாலும் அதை உருவாக்கச் செலவான ஆற்றலைத் திருப்பித் தராது.

2025-ல் 'நேச்சர்' இதழில் குளிர் இணைவு நிரூபணம் ஆகிவிட்டது என்று படித்தேனே?

தலைப்பை மட்டும் படித்திருப்பீர்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, பல்லேடியத்தின் ஒரு பக்கம் டியூட்டீரியம் அயனிகளை வேகமாக மோதவிட்டு, மறுபக்கம் மின்வேதி முறையில் கூடுதல் டியூட்டீரியத்தை ஏற்றியது. இணைவு வீதம் சராசரியாக 15 சதவீதம் கூடியது. நியூட்ரானை எண்ணி நிரூபித்தார்கள், அதனால் எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் உள்ளே போனது 15 வாட், இணைவில் வந்தது ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. வேகமாக மோதவிடுவதால் இது பழைய அர்த்தத்தில் குளிர் இணைவே அல்ல, அவர்களும் அப்படிச் சொல்லவில்லை. கூகுள் திட்டத்தின் நேரடி வாரிசு இந்த வேலை.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். கனநீர் நம் நாட்டில் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வரும் பொருள், கடையில் கிடைக்காது. அது கிடக்கட்டும், குடுவைக்குள் டியூட்டீரியமும் ஆக்சிஜனும் சேர்ந்து இருப்பதுதான் பெரிய ஆபத்து. 1992 ஜனவரியில் எஸ்.ஆர்.ஐ.யில் ஒரு குடுவை வெடித்து ஆண்ட்ரூ ரைலி என்ற வேதியியலாளர் இறந்தார். சாதாரண வேதி வெடிப்புதான்.

எதைக் காட்டினால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்?

வெப்பமும் அணுச்சாம்பலும் (இணைவில் மிஞ்சும் ஹீலியம், நியூட்ரான் போன்றவை) ஒரே குடுவையில், ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று கணக்குப் பொருந்தும்படி வர வேண்டும். பக்கத்தில் சாதாரண நீர் ஊற்றிய இன்னொரு குடுவை, எதில் எது என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது. (1989 ஏப்ரலில் டல்லாஸில் பல ஆயிரம் வேதியியலாளர்கள் முன்னிலையில் சாதாரண நீர் ஒப்பீடு எங்கே என்று பான்ஸிடம் கேட்டார்கள், தெளிவான பதில் கிடைக்கவில்லை.) ஹீலியம் என்றால் அளவு காற்றில் உள்ளதைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போக வேண்டும், கசிவென்றால் அந்த அளவோடு நின்றுவிடும். செய்தவர் தொடாமல், எழுதிக் கொடுத்த செய்முறையை மட்டும் வைத்து, நம்பிக்கையில்லாத இரண்டு ஆய்வகங்களுக்கு அதே எண் வர வேண்டும். அல்லது இதெல்லாம் வேண்டாம், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு ஒரு மாதம் தன் சூட்டிலேயே ஓடும் ஒரு பெட்டியை மேசைமேல் வைத்தால்கூடப் போதும்.

ஒரு தெரிந்தவர் குளிர் இணைவு ஹீட்டருக்கு முன்பதிவு செய்யச் சொல்கிறார். பணம் கட்டலாமா?

அந்த ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓடினால் கட்டுங்கள்.